வர்ஜீனியா அணியின் 2018-19 சீசன்: மாறியது எது, மாறாதது எது

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆடவர் அணி, 2018 மார்ச்சில் தேசியப் போட்டியின் முதல் சுற்றிலேயே, தன் பிரிவில் கடைசித் தரநிலையில் இருந்த அணியிடம் 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியேறியது. மறு ஆண்டே அதே பயிற்சியாளரின் கீழ், பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு, தேசியக் கோப்பையை வென்றது. அந்த ஓராண்டுக்குள் அவர்கள் எதை மாற்றினார்கள், அல்லது நடந்தது முழுக்க அதிர்ஷ்டம்தானா என்பது கேள்வி.

என் பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல்விக்குக் காரணம் என்று பலரும் கைகாட்டிய தடுப்பாட்டத்தையும் மெதுவான ஆட்ட வேகத்தையும் அவர்கள் தொடவே இல்லை. மாற்றியது தாக்குதல் ஆட்டத்தை. கடைசி மூன்று ஆட்டங்களில் அதிர்ஷ்டமும் அவர்கள் பக்கம் இருந்தது. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த அதிர்ஷ்டம் பயன்படும் இடம்வரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது மாற்றியமைக்கப்பட்ட தாக்குதல்தான் என்பது என் உறுதியான கருத்து.

போட்டியின் அமைப்பைச் சற்றுச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு சொல்வது விளங்காது. கல்லூரி ஆடவர் ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக 40 நிமிடம் நடக்கும். பந்து கைக்கு வந்ததிலிருந்து 30 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். நவம்பரில் சீசன் தொடங்கும். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம்வரை ஒவ்வொரு கல்லூரியும் தன் வட்டாரக் கூட்டமைப்பில் உள்ள அணிகளோடு மோதும். வர்ஜீனியா சேர்ந்திருக்கும் கூட்டமைப்பு ஏசிசி எனப்படும் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். அதன் பிறகு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு 68 அணிகளைத் தேர்ந்தெடுத்துத் தேசியப் போட்டியை நடத்துகிறது. அணிகள் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவிலும் 1 முதல் 16 வரை தரநிலை கொடுக்கப்படும். ஒரு தோல்வி போதும், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்றால் கோப்பை. 1985இல் இந்தப் போட்டி 64 அணிகளுக்கு விரிந்த நாளிலிருந்து முதல் தரநிலை அணியும் 16ஆம் தரநிலை அணியும் 135 முறை மோதி, 135 முறையும் முதல் தரநிலை அணியே வென்றிருந்தது. 136ஆவது ஆட்டம்தான் வர்ஜீனியாவுடையது.

அந்த ஆண்டு வர்ஜீனியா சாதாரணமான முதல் தரநிலை அணிகூட அல்ல. 31 வெற்றி, 2 தோல்வி என்ற கணக்கில் வந்து, நான்கு முதல் தரநிலை அணிகளுள்ளும் முதலாவதாக வைக்கப்பட்ட அணி. எதிரே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்டி வளாக அணி, அதாவது யூஎம்பிசி. கூடைப்பந்தைவிடச் சதுரங்கத்தில் பெயர்பெற்ற வளாகம். 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் நடந்த ஆட்டத்தில் பாதி நேரத்தில் 21-21 என்று சமநிலை. இரண்டாம் பாதியில் யூஎம்பிசி 53 புள்ளிகள் குவித்தது. முழு ஆட்டத்துக்கும் சராசரியாக 54 புள்ளிகள் அளவுக்கே விட்டுக்கொடுத்துவந்த ஓர் அணி, ஒரே பாதியில் அவ்வளவையும் இழந்தது. ஜைரஸ் லைல்ஸ் 28 புள்ளிகள் எடுத்தார். இறுதிக் கணக்கு 74-54. தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிவுகள் 24இல் 12ஐ யூஎம்பிசி கூடைக்குள் போட்டது. வர்ஜீனியா 22இல் வெறும் 4. இந்தக் கடைசி இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஆட்டத்தின் கதை பெரும்பாலும் அவற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொரு உண்மையும் உண்டு. அந்த அணியின் மிகத் திறமையான இளைஞரான டியாண்ட்ரே ஹன்டர் சில நாள்களுக்கு முன்பு ஏசிசி போட்டியில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, யூஎம்பிசிக்கு எதிராக ஆடவே இல்லை. 20 புள்ளி வித்தியாசத்தை ஒருவர் இல்லாததைக் கொண்டு விளக்கிவிட முடியாதுதான். ஆனால் வேகமான, குள்ளமான முன்வரிசை கொண்ட அணிகளுக்கு எதிராக வர்ஜீனியாவும் ஐவரை வேறுவிதமாக நிறுத்திப் பார்க்க வழிசெய்தவர் அவர்தான். அந்த வழி அன்று அடைபட்டிருந்தது.

வர்ஜீனியாவின் தடுப்பாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே நடந்தது. பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தந்தை டிக் பென்னட்டும் பெயர்பெற்ற பயிற்சியாளர். விஸ்கான்சின் அணியை 2000இல், தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் இறுதி நால்வர் சுற்றுக்கு அழைத்துச் சென்றவர். அவர் உருவாக்கிய தடுப்பு முறைக்குப் ‘பேக் லைன்’ என்று பெயர். வளையத்திலிருந்து சுமார் 16 அடி தூரத்தில் ஒரு வளைகோடு இருப்பதாக ஐந்து பேரும் மனத்தில் வரைந்துகொள்வார்கள். பந்தை வைத்திருக்கும் ஆட்டக்காரரை ஒருவர் நெருங்கி அழுத்துவார். மற்ற நால்வரும் அந்தக் கற்பனைக் கோட்டுக்கு உள்ளே நிற்பார்கள். பந்தோடு உள்ளே நுழைய முயல்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தோள் குறுக்கே நிற்கும். பந்து வெளியே பாஸ் செய்யப்பட்டதும், அந்தப் பக்கத்துத் தடுப்பாளர் குறுகிய அடிகள் வைத்து, கையை உயர்த்தியபடி ஓடிவந்து, எறிய இடம் கொடுக்காமல் நிற்க வேண்டும். கூடைக்கு அருகில் உயரமானவரிடம் பந்து போனால் மற்றோர் உயரமானவர் ஓடிவந்து இருவராகச் சூழ்ந்துகொள்வார்கள். பந்து காற்றில் இருக்கும்போதே ஐவரும் இடம் மாறியிருக்க வேண்டும். பந்து போய்ச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் தாமதம். முழுக்க முழுக்கப் பழக்கத்தாலும் பரஸ்பர நம்பிக்கையாலும் நிற்கும் முறை இது.

இதன் பலவீனமும் இதன் அமைப்பிலேயே இருக்கிறது. நால்வர் உள்ளே நிற்பதால் வெளியிலிருந்து எறியப்படும் மூன்று புள்ளி எறிவுகளுக்கு இது ஓரளவு வாய்ப்பளிக்கும். பெரும்பாலான நாள்களில் அந்த எறிவுகள் அவசரத்தில் எறியப்பட்டுத் தவறும். எதிரணிக்குக் கை நன்றாக அமைந்துவிட்ட நாளில் முறை முழுவதும் ஆட்டம் காணும். யூஎம்பிசியின் 24க்கு 12 அப்படிப்பட்ட நாள்.

அடுத்து வேகம் பற்றிய விமர்சனம். வர்ஜீனியா ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 60 முறைதான் பந்தைத் தாக்குதலுக்குக் கொண்டுசெல்லும். மற்ற அணிகள் 70 முறைவரை கொண்டுசெல்லும். நாணயத்தைச் சில முறை சுண்டினால் எதிர்பாராத முடிவு வரும் வாய்ப்பு அதிகம், பல முறை சுண்டினால் குறைவு. ஆகவே வலிமையான அணி மெதுவாக ஆடுவது பலவீனமான எதிரிக்குத் தானே கதவைத் திறந்துவிடுவது போன்றது என்பது வாதம். கணக்காகப் பார்த்தால் இது சரியே. ஆனால் அளவாகப் பார்த்தால் 70க்கும் 60க்கும் இடையே வரும் வேறுபாடு, 20 புள்ளித் தோல்வியை விளக்கும் அளவுக்குப் பெரியதல்ல. மெதுவான வேகத்தின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருப்பதாக நான் நினைக்கிறேன். அப்படி ஆடும் அணி 10 புள்ளி பின்தங்கிவிட்டால், பிடித்துவர மிச்சமிருக்கும் வாய்ப்புகள் குறைவு. அந்தக் குறைந்த வாய்ப்புகளில் திறமையாகப் புள்ளி சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். 2018இன் அணிக்கு அது தெரியாமல் போனது. வெளியிலிருந்து 22 முறை எறிந்து 18 முறை தவறவிட்ட அணியால் எழ முடியாது.

இதைப் பென்னட் சரியாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அவர் செய்த மாற்றமே சான்று. அதுவரை அவர்களுடைய தாக்குதல் பெரும்பாலும் தந்தையிடமிருந்து வந்த மற்றொரு முறையைச் சார்ந்தது. உயரமான இருவர் தங்கள் எல்லைக்குள் நின்று எதிரணியினரை மறித்து ஸ்கிரீன் கொடுப்பார்கள். மற்ற மூவர் அந்த ஸ்கிரீன்களைச் சுற்றி ஓயாமல் ஓடி, ஒரு கணம் தடுப்பாளரிடமிருந்து விடுபட்டுப் பந்தைப் பெறுவார்கள். எதிரணியைக் களைக்கச் செய்யும் அழகான ஆட்டம். ஆனால் சிறிய, வேகமான தடுப்பாளர்கள் ஸ்கிரீனுக்குள் நுழைந்து வெளிவரத் தெரிந்தவர்களாக இருந்தால், 30 விநாடியின் முடிவில் யாராவது ஒருவர் கடினமான எறிவை எறிய நேரும். 2018-19இல் இதை முற்றிலும் விடாமல், பந்து வைத்திருப்பவருக்கே உயரமானவர் வந்து ஸ்கிரீன் கொடுப்பதும், அது பலிக்காவிட்டால் பந்தை மறுபக்கம் மாற்றி அங்கே உடனே இன்னொரு ஸ்கிரீன் கொடுப்பதுமான தொடர் முறையை அதிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். இதனால் முதல் பத்து விநாடிக்குள்ளேயே எதிர்த் தடுப்பு வளையத் தொடங்கும். கடைசி விநாடியில் எறிய வேண்டிய கட்டாயம் குறைந்தது.

இந்த மாற்றம் பலித்ததற்கு ஆள்களும் காரணம். நியூயார்க்கின் நியூ ரோஷல் ஊரிலிருந்து வந்த டை ஜெரோம், நல்ல உயரத்துடன் பந்தை நிதானமாக நடத்தத் தெரிந்தவர். ஓட்டத்தில் வேகம் குறைவு, முடிவெடுப்பதில் வேகம் அதிகம். இண்டியானாபோலிஸ்காரரான கைல் கை, ஸ்கிரீனைச் சுற்றி ஓடிவந்து பிடித்த கையோடு எறிவதில் நாட்டின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஹன்டர் மணிக்கட்டு ஆறித் திரும்பினார். கைல் கையும் ஹன்டரும் அந்த ஆண்டு மூன்று புள்ளி எறிவுகளில் 40 சதவீதத்துக்கு மேல் கூடைக்குள் போட்டார்கள். கினியாவின் கொனாக்ரியில் பிறந்த மாமாடி டியாக்கிட்டே, நியூசிலாந்துக்காரரான ஜாக் சால்ட் ஆகியோர் உள்ளே நின்றார்கள். அலபாமாவிலிருந்து மாறிவந்த பிராக்ஸ்டன் கீ சேர்ந்தார். முதலாண்டு மாணவரான கிஹெய் கிளார்க் 5 அடி 9 அங்குலம்தான். அவரைச் சேர்த்ததன் பயன் கண்ணுக்கு உடனே தெரியாதது: பந்தை முன்னால் கொண்டுவரும் பொறுப்பை அவர் ஏற்றதால் ஜெரோமும் கைல் கையும் பந்தில்லாமல் ஓடி இடம் பிடிக்க முடிந்தது. எதிர்முனையில் எதிரணியில் பந்தை நடத்திவரும் பாயின்ட் கார்டைக் களத்தின் 94 அடி நீளத்துக்கும் விடாமல் துரத்தியவரும் அவரே.

மனநிலையைப் பற்றியும் கேட்பார்கள். பென்னட் அந்தத் தோல்வியைப் பேசக்கூடாத பொருளாக ஆக்கவில்லை என்பது முக்கியம். அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால், வேறு வழியில் போக முடியாத ஓர் இடத்துக்கு அது நம்மைக் கொண்டுசேர்க்கும் என்ற கருத்தை அணிக்குள்ளும் செய்தியாளர்களிடமும் சீசன் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார். கைல் கை, தனக்கிருந்த மனப்பதற்றத்தைப் பற்றிப் பொதுவெளியில் வெளிப்படையாக எழுதினார். யூஎம்பிசி வீரர்கள் கொண்டாடும் படத்தையே தன் சமூக ஊடகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஓர் இருபது வயது இளைஞருக்கு இது எளிதான காரியமல்ல. இதனால் எத்தனை புள்ளி கூடியது என்று யாராலும் அளக்க முடியாது; ஆனால் அடுத்த மார்ச்சில் நெருக்கடி வந்தபோது அணி சிதறாமல் இருந்ததை எல்லோரும் பார்த்தோம்.

சீசனின் பெரும்பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். நவம்பரில் பஹாமாஸில் நடந்த போட்டியின் இறுதியில் விஸ்கான்சினை 53-46 என வென்றார்கள். முதல் 16 ஆட்டங்களிலும் வெற்றி. முதல் தோல்வி ஜனவரி 19 அன்று, ஸையன் வில்லியம்சனும் ஆர்ஜே பேரட்டும் ஆடிய டியூக் அணியிடம் அவர்கள் அரங்கில், 72-70. பிப்ரவரி 9 அன்று சார்லட்ஸ்வில்லில் சொந்த அரங்கிலேயே மறுபடியும் டியூக்கிடம் 81-71. அன்று டியூக் 21 மூன்று புள்ளி எறிவுகளில் 13ஐப் போட்டது. பேக் லைனுக்கு அதே பழைய நோய். ஆனால் இரண்டு நாள் கழித்து நார்த் கரோலினாவின் அரங்குக்கே போய் 69-61 என வென்று வந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் சிராக்யூஸ் அரங்கில் 18 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு 79-53 என வென்ற ஆட்டம், இது பழைய வர்ஜீனியா அல்ல என்பதற்குத் தெளிவான அறிகுறி. ஏசிசியில் 16-2 என்ற கணக்கில் நார்த் கரோலினாவோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஏசிசி போட்டி அரையிறுதியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 69-59 எனத் தோற்றது மூன்றாவதும் கடைசியுமான தோல்வி.

கல்லூரிக் கூடைப்பந்தின் உயர்மட்டமான முதல் டிவிஷனில் இருந்த 353 அணிகளில், ஆட்ட வேகத்தில் வர்ஜீனியா கடைசி இடம். ஒரு வாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுக்கிறார்கள் என்ற கணக்கில், புள்ளிவிவர ஆய்வாளர் கென் பொமராயின் புகழ்பெற்ற பட்டியலில் நாட்டிலேயே இரண்டாவது இடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த அணி விளங்கும். முந்தைய ஆண்டு இதே கணக்கில் அவர்கள் முதல் இருபதுக்கு வெளியே இருந்தார்கள். வேகம் அப்படியே, திறன் வேறு.

தேசியப் போட்டியின் முதல் சுற்று 2019 மார்ச் 22 அன்று தென் கரோலினாவின் கொலம்பியாவில். எதிரணி 16ஆம் தரநிலையில் இருந்த கார்ட்னர்-வெப் என்ற சிறிய பல்கலைக்கழகம். முதல் பாதியில் ஒரு கட்டத்தில் வர்ஜீனியா 14 புள்ளி பின்தங்கியது. அரங்கில் இருந்த ஒவ்வொருவர் மனத்திலும் என்ன ஓடியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி நேரத்தில் 36-30 எனப் பின்தங்கியிருந்தவர்கள், இரண்டாம் பாதியில் எதிரணியை 20 புள்ளிகளுக்குள் நிறுத்தி 71-56 என வென்றார்கள். ஹன்டர் 23 புள்ளிகள். முந்தைய ஆண்டு இல்லாதிருந்த அதே ஹன்டர். உள்ளே டியாக்கிட்டேயின் சுறுசுறுப்பு தடுப்புக்கு உயிர் கொடுத்தது. அதன் பின்வந்த ஆட்டங்களில் அவருடைய பங்கு பெருகியது. ஓக்லஹோமாவை 63-51 எனவும், லூயிவில்லில் நடந்த அடுத்த சுற்றில் ஆரிகனை 53-49 எனவும் வென்றார்கள். ஆரிகன் ஆட்டம் அழகற்றது. வென்றார்கள் என்பதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 30 அன்று நடந்த பர்டியூ ஆட்டம்தான் என் பார்வையில் இந்தச் சீசனின் உச்சம். பர்டியூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் எடுத்தார். அவற்றில் 10 மூன்று புள்ளிக் கூடைகள். கையை முகத்துக்கு முன்னால் நீட்டி நின்றாலும் பந்து போய் விழுந்தது. சென்ற ஆண்டைப் போலவே தடுப்பாட்டத்தின் பலவீனமான இடத்தில் எதிரி இடித்துக்கொண்டே இருந்தார். இம்முறை வர்ஜீனியா ஈடுகொடுத்துப் புள்ளி சேர்த்தது: கைல் கை 25, ஜெரோம் 24. இந்த இடத்தில்தான் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலான வேறுபாட்டை நான் காண்கிறேன்.

ஆட்டம் முடிய 5.9 விநாடி. பர்டியூ 70, வர்ஜீனியா 67. மூன்று புள்ளி எறிவுக்கு இடம் கொடுக்காமல் இருக்க பர்டியூ வேண்டுமென்றே ஃபவுல் செய்ய, ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி எறிவுகள். முதலாவது கூடைக்குள், இரண்டாவது தவறியது. உயரமானவர்களின் கைகளுக்கு நடுவே டியாக்கிட்டே பந்தைப் பிடிக்க முயலாமல் பின்னால் தட்டிவிட்டார். பந்து நடுக்கோட்டைத் தாண்டி வர்ஜீனியாவின் சொந்தப் பாதிக்குள் உருண்டோடியது. கிளார்க் துரத்திப் போய் எடுத்துத் திரும்பினார். அருகில் ஜெரோம் பந்தைக் கேட்டுக் கையை உயர்த்தியபடி நின்றார்; எந்த முதலாண்டு மாணவரும் மூத்தவரிடமே கொடுத்திருப்பார். கிளார்க் கொடுக்கவில்லை. கூடைக்குப் பக்கத்தில் தனியாக நின்ற டியாக்கிட்டேயைப் பார்த்து, அரங்கின் பாதி நீளத்துக்கு ஒரே எறியாகப் பாஸ் செய்தார். டியாக்கிட்டே பிடித்தார், எறிந்தார், பந்து காற்றில் இருக்கும்போது மணி ஒலித்தது, 70-70. கூடுதல் நேரத்தில் 80-75. 1984க்குப் பிறகு வர்ஜீனியா இறுதி நால்வர் சுற்றுக்குள் நுழைந்தது அப்போதுதான். அந்தப் பாஸ் வெறும் அதிர்ஷ்டம் என்று நான் ஒப்பமாட்டேன். பந்து அந்தத் திசையில் உருண்டது அதிர்ஷ்டம். அதை எடுத்தவர் செய்தது தேர்ந்த முடிவு.

அதற்கு அடுத்த ஆட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஏப்ரல் 6 அன்று மினியாபோலிஸில் ஆபர்ன் அணிக்கு எதிராக, ஐந்து நிமிடம் மீதமிருக்கும்போது 10 புள்ளி முன்னிலையில் இருந்த வர்ஜீனியா, தொடர்ந்து 14 புள்ளிகளை இழந்து 61-57 எனப் பின்தங்கியது. கைல் கை ஒரு மூன்று புள்ளிக் கூடை போட்டு ஒரு புள்ளி வித்தியாசத்துக்குக் கொண்டுவந்தார், ஆபர்ன் ஒரு ஃப்ரீ த்ரோ சேர்த்தது, 62-60. பிறகு நடுக்களத்தில் ஜெரோம் பந்தைத் தட்டிச்செல்லும்போது அது அவர் காலில் பட்டுத் தெறிக்க, அவர் இரு கைகளாலும் பிடித்து மறுபடி தட்டத் தொடங்கினார். விதிப்படி அது டபுள் டிரிபிள் எனப்படும் விதிமீறல். பந்து ஆபர்னுக்குப் போயிருக்க வேண்டும். நடுவர்கள் கவனிக்கவில்லை. அதற்குச் சற்று முன்பு ஆபர்ன் வீரர் ஜெரோமின் சட்டையைப் பற்றியதும் கவனிக்கப்படவில்லை என்று வர்ஜீனியா ரசிகர்கள் வாதிடுவதுண்டு. அதிலும் உண்மை உண்டு. எப்படியிருந்தாலும் ஆபர்னுக்கு அது ஆறாத வருத்தம், அதைப் புரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

கடைசி 1.5 விநாடி இருக்கையில் மூலையில் நின்ற கைல் கைக்குப் பந்து வந்தது. எறிந்தபோது தடுப்பாளர் அவர் கீழே கால் ஊன்ற வேண்டிய இடத்துக்குள் உடலைக் கொண்டுவந்து மோதினார். எறிவு தவறியது, ஆனால் விசில் ஊதப்பட்டிருந்தது. 0.6 விநாடி மீதம், மூன்று ஃப்ரீ த்ரோ. இந்த ஃபவுல் சரியானதே. மீண்டும் மீண்டும் பார்த்தாலும் என் கருத்து மாறவில்லை. கைல் கை தன் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சற்று நின்றார். முதலாவது உள்ளே. இரண்டாவது உள்ளே, 62-62. அவரைப் பதற வைப்பதற்காக ஆபர்ன் டைம் அவுட் கேட்டது. திரும்பி வந்து மூன்றாவதையும் போட்டார். 63-62. மனப்பதற்றத்தைப் பற்றி ஓராண்டுக்கு முன்பு எழுதியவர் அவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் தாங்க முடியாததாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 8 இறுதி ஆட்டத்தில் எதிரணி டெக்சாஸ் டெக், நாட்டின் மிகச் சிறந்த தடுப்பணி. இரு அணிகளுக்கும் அதுவே முதல் இறுதி ஆட்டம். எல்லோரும் 50 புள்ளிகளைத் தாண்டாத ஆட்டத்தை எதிர்பார்த்தார்கள். இரண்டு பக்கமும் எறிவுகள் விழுந்துகொண்டே இருந்தன. முதல் பாதியில் 5 புள்ளிகளோடு தடுமாறிய ஹன்டர், அதன் பிறகு 22 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் டெக்சாஸ் டெக் 68-65 என முன்னிலை. ஜெரோம் பந்தோடு உள்ளே நுழைந்து தடுப்பை இழுத்துவிட்டு, மூலையில் நின்ற ஹன்டருக்குப் பாஸ் செய்தார். 12 விநாடி மீதமிருக்கையில் மூன்று புள்ளி, 68-68. கூடுதல் நேரத்தில் 85-77. எதிரணியின் நட்சத்திரம் ஜாரெட் கல்வரை ஹன்டர் தடுத்து நிறுத்தியதில், அவர் 22 எறிவுகளில் 5ஐ மட்டுமே கூடைக்குள் போட முடிந்தது. 24 புள்ளிகள் எடுத்த கைல் கை சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். ஹன்டருக்குக் கொடுத்திருந்தாலும் யாரும் மறுத்திருக்க முடியாது. கூடுதல் நேரத்திலும் ஓர் அதிர்ஷ்டம் உண்டு: வெளியே போன பந்து டெக்சாஸ் டெக்கின் டேவிட் மொரெட்டியின் விரல் நுனியில் கடைசியாகப் பட்டதென்று வீடியோவைப் பார்த்து நடுவர்கள் முடிவை மாற்றினார்கள்.

ஆக, கடைசி மூன்று ஆட்டங்களிலும் இறுதி 15 விநாடிக்குள் வர்ஜீனியா பின்தங்கியிருந்தது. மூன்றிலும் வென்றது. இது அடிக்கடி நடக்கக்கூடியதல்ல. மறுபடி ஆடினால் மூன்றில் ஒன்றையாவது தோற்றிருப்பார்கள் என்று சொல்வதே நியாயம். ஆனால் அந்த மூன்று கட்டங்களிலும் அவர்களுக்குத் தேவைப்பட்டது உடனடியாக ஒரு கூடை. அதைப் போடக்கூடிய மூவர் களத்தில் இருந்தார்கள், அவர்களுக்கு இடம் உண்டாக்கித் தரும் ஆட்ட முறையும் இருந்தது.

பின்னால் நடந்தவை இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கின்றன. அந்தக் கோடையில், தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏவுக்கு வீரர்களை எடுக்கும் தேர்வில் ஹன்டர் 4ஆவதாகவும், ஜெரோம் 24ஆவதாகவும், கைல் கை 55ஆவதாகவும் எடுக்கப்பட்டு மூவரும் கல்லூரியை விட்டுப் போனார்கள். பென்னட் தனக்கு வந்த ஊதிய உயர்வை ஏற்க மறுத்து, அதை உதவிப் பயிற்சியாளர்களுக்கும் அணியின் தேவைகளுக்கும் திருப்பிவிடச் சொன்னார். 2019-20இல் தடுப்பாட்டம் சற்றும் குறையவில்லை. நாட்டிலேயே மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி அவர்கள்தான். ஆனால் தாங்கள் எடுத்த புள்ளிகள் ஆட்டத்துக்குச் சராசரியாக 71 அளவிலிருந்து 57 அளவுக்குச் சரிந்தன. அந்த ஆண்டுப் போட்டி பெருந்தொற்றால் ரத்தானது. 2021இல் முதல் சுற்றில் 13ஆம் தரநிலையில் இருந்த ஒஹையோவிடம் 62-58 எனத் தோற்றார்கள்; தொற்றால் பயிற்சி தடைபட்டிருந்ததால் அந்த ஆட்டத்தை நான் சான்றாக எடுக்கமாட்டேன். 2023இல் ஃபர்மனிடம் 68-67. அதில் கடைசி விநாடிகளில் முன்னிலையில் இருந்தபோது இரு தடுப்பாளர்களிடம் சிக்கி, பந்தை எதிரணியின் கைக்கே எறிந்து, மூன்று புள்ளிக் கூடைக்கு வழிவிட்டவர் வேறு யாருமல்ல, பர்டியூவுக்கு எதிராக அந்தப் பாஸைக் கொடுத்த கிஹெய் கிளார்க். ஒரே ஆட்டக்காரர், ஒரே வகை நெருக்கடி, இரண்டு முடிவுகள். அதிர்ஷ்டத்தின் பங்கை நான் மறுக்காததற்கு இதுவும் காரணம். 2024இல் கொலராடோ ஸ்டேட்டிடம் 67-42 எனத் தோற்ற ஆட்டத்தில் முதல் பாதி முழுவதும் வர்ஜீனியா எடுத்தது 14 புள்ளிகள்தான். அதுவே பென்னட்டின் கடைசி ஆட்டமாகவும் ஆனது. அந்த அக்டோபரில், அடுத்த சீசன் தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில் அவர் ஓய்வு பெற்றார். அன்றும் ஐவரும் அதே கற்பனைக் கோட்டுக்குள்தான் நின்றார்கள். வெளியே நின்று எறிய ஒரு கைல் கையோ ஹன்டரோ அவர்களிடம் இல்லை.